ஹாரன் மட்டும் பாஸ்

டெமிங், நியூ மெக்ஸிகோ
அக்டோபர் 22, 2024

அன்புள்ள ரூடி அண்ணனுக்கு,

நான் நலம். அப்பா நலம். வண்டி பாதி நலம். நீயும் மார்லி அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. பதிலை இந்த ஊர்த் தபால் நிலையத்துக்கே என் பெயர் போட்டு அனுப்பு, நான் போய் வாங்கிக்கொள்வேன். நம் டெக்சாஸ் முகவரிக்கு அனுப்பினால் அது மற்றத் தபால்களோடு சேர்ந்து ஒரு கட்டாக வரும். கட்டை அப்பாதான் பிரிப்பார்.

போனில் பேசக்கூடாதா என்று போன தடவை கேட்டிருந்தாய். இருப்பது ஒரே போன், அது அப்பாவுடையது. நாங்கள் குடியிருக்கும் வண்டிக்குள் எந்த மூலையில் நின்று பேசினாலும் எல்லா மூலையிலும் கேட்கும். அது போக, எனக்குப் போனில் பேச வராது. எதிர்முனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்று நினைத்தாலே சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. எழுதும்போது யாரும் காத்திருப்பதில்லை.

நேற்று அப்பா இங்குள்ள நூலகத்துக்குப் போய் அங்குள்ள கணினியில் வண்டியின் பதிவைப் புதுப்பித்தார். நானும் கூடப் போனேன். நான்காவது வருஷமாகப் படிவத்தில் அதே கட்டம்: வண்டி இப்போது டெக்சாஸுக்கு வெளியே இருக்கிறது, திரும்பி வந்த மூன்று நாளுக்குள் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனைக்குக் காட்டுகிறேன். அதில் டிக் போட்டுவிட்டு, "திரும்பி வந்தாத்தானே" என்று சத்தமாகச் சொன்னார். நூலகத்துப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

திரும்புவதில்லை என்பதில் அவர் கண்டிப்பாக இருக்கிறார். வசந்தத்தில் லூயிசியானா போனோம். நேர் வழி டெக்சாஸ் வழியாகத்தான். நாங்கள் வடக்கே ஏறி, வரைபடத்தில் வால் போல நீளும் ஓக்லஹோமாவின் அந்த ஒல்லியான துண்டைப் பிடித்து, ஆர்கன்சா சுற்றி இறங்கினோம். ஓர் இடத்தில் ஆற்றுக்கு அந்தக் கரை டெக்சாஸ். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மற்ற மாடுகளைப் போலத்தான் இருந்தன. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பாதி நலம் என்றேனே, என்ன என்று கேட்பாய். ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி கீழே இறங்குவதில்லை. தண்ணீர்த் தொட்டி கசிகிறது. ஹேண்ட்பிரேக் சுத்தமாகப் போய்விட்டது. முன்பு மேட்டில் மட்டும் நழுவும், இப்போது சமதரையிலும் நழுவுகிறது. வண்டி உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் பழைய கட்டை ஒன்று பிளந்ததால் அப்பா புதிதாக ஒன்று அறுத்துக் கொடுத்தார். ரயில் பாதைக் கட்டை, நல்ல கனம். வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து கட்டையோடு குதித்துவிடுகிறேன். இப்போது ரொம்ப வேகமாகிவிட்டேன். கவலைப்படாதே.

அன்புத் தங்கை,
ஐடா


வில்லோ ஃபோர்க், டெக்சாஸ்
அக்டோபர் 29, 2024

அன்புள்ள ஐடாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே இருவரும் சுகம். மார்லி உனக்கு ஒரு பெரிய முத்தம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

கடைசி வரியில் கவலைப்படாதே என்று எழுதினால் ஆயிற்றா? அந்த வரிக்கு மேலே இருந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

உனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். புது வண்டிகளில் கியரைக் கடைசியில் தள்ளினால் உள்ளே ஒரு பூட்டு விழும், வண்டி நிற்கும். நம் வண்டியில் அந்தப் பூட்டே கிடையாது. ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் அதை நிறுத்தி வைக்கும் பொருள். அது போய்விட்டதென்றால் மிச்சம் இருப்பது அப்பாவின் வலது கால். அவர் காலைத் தூக்கினால் ஆறு டன் நகரும். நீ கட்டையோடு சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாய்.

எனக்கு நடந்தபோது உனக்கு ஆறு வயது, ஞாபகம் இருக்காது. கட்டையை வைத்துவிட்டு வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அதன் பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். அதுதான் முறை, அவர் வைத்த முறை. அன்றைக்குப் பக்கத்து இடத்திலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் கையாட்டினார். அப்பா சந்தோஷத்தில் எழுந்துவிட்டார். நான் இன்னும் தட்டவில்லை, சக்கரம் உருண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது, "பையன் கொஞ்சம் மந்தம்." இடது காலில் இரண்டு விரல் போனது. அந்த வார்த்தை மட்டும் போகவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் சோதனைக்கு நான் வேலை செய்யும் மெக்கானிக் கடைக்கு, என்னிடம்தான் வந்தார். வண்டிகளைச் சோதிக்க நான் லைசென்ஸ் வாங்கின புதிது. மகன் பார்த்து விட்டுவிடுவான் என்று நினைத்தாரோ, மகனிடமே காட்டலாம் என்று பெருமையாக வந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. வைப்பரை நானே மாற்றினேன். பின்விளக்கை நானே மாற்றினேன். ஹேண்ட்பிரேக்குக்கு ஒரு நாள் வண்டியை விடுங்கள், பாகம் வரவழைத்துச் செய்து தருகிறேன் என்றேன். "என் வண்டிய நீ தேற வைக்கிறியா?" என்றார். தேறவில்லை என்று பதிவு செய்தேன். தெருமுனை வரை ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் போனார். நீ பக்கத்து சீட்டில் தலை குனிந்துகொண்டு இருந்தாய்.

உன்னைத் திட்டவில்லை. அத்தனை வருஷமும் அவர் ஒரு தடவைகூடக் கீழே இறங்கிக் கட்டை வைத்து நான் பார்த்ததில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அண்ணன்,
ரூடி


குவார்ட்ஸைட், அரிசோனா
டிசம்பர் 14, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலைவனத்துக்கு வந்துவிட்டோம். குளிர்காலம் முழுக்க இங்கேதான் என்று அப்பா சொல்லியிருந்தார். இப்போது அது மாறிவிட்டது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

சாயங்காலம் ஆனால் எல்லா வண்டிக்காரர்களும் ஒரு நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொள்வார்கள். நான் எங்கள் வண்டியின் படியில் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்தே எல்லாம் கேட்கும். வண்டியில் டெக்சாஸ் நம்பர் பலகை மாட்டினவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். டெக்சாஸுக்குத் திரும்பி வருவது என்றால் என்ன என்பதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எல்லைக்குள் பெட்ரோல் போட்டாலே திரும்பின கணக்கு என்கிறார் ஒருவர். படுத்துத் தூங்கினால்தான் கணக்கு என்கிறார் இன்னொருவர். பேத்தி கல்யாணத்துக்குப் போய் இரண்டாம் நாளே ஓடிவந்த ஒரு தம்பதி, கேக் சாப்பிட்டால் கணக்கில்லை என்கிறார்கள். தெற்கு டகோட்டா பலகைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். "எங்க ஊர்ல ஒரு ராத்திரி தங்கின ரசீது காட்டினாப் போதும்யா, ஊர்க்காரன் ஆயிடலாம். சோதனையாவது ஒண்ணாவது."

அப்பாவின் பங்குக்கு எப்போதும் ஒரே கதைதான். "என் சொந்த மகன் என் வண்டியச் சோதிச்சான். ஹாரன் மட்டும் பாஸ்." எல்லோரும் சிரிப்பார்கள். புதிதாக யார் வந்தாலும் சொல்வார். உன் பெயரைச் சொல்ல மாட்டார், ஆனால் சொல்லாமலும் இருக்க மாட்டார்.

நேற்று ஒருவர் செய்தி கொண்டுவந்தார். ஜனவரி முதல் தேதியிலிருந்து டெக்சாஸில் நம்முடையது போன்ற வண்டிகளுக்குச் சோதனையே கிடையாதாம். சட்டத்தை எடுத்துவிட்டார்களாம். உனக்கு முன்பே தெரிந்திருக்கும், நீதான் எழுதவில்லை. அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் எழுந்து நெருப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்தார்.

"அப்ப இனிமே எவனும் என் வண்டியப் பாத்து முடியாதுன்னு சொல்ல முடியாது."

"ஆமா லெஸ்டர், உன் மகன்கூட" என்றார் செய்தி கொண்டுவந்தவர்.

"அவனத்தான் சொல்றேன்" என்றார் அப்பா.

ஜனவரியில் நேராக உன் கடைக்கு வரப் போகிறோம். வேறு எங்கும் இல்லை, உன் கடைக்குத்தான். வண்டியை உன் வாசலில் நிறுத்த வேண்டுமாம்.

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னைப் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது. அப்புறம் படியில் உட்கார்ந்து யோசித்தேன். சோதனை இருந்தவரை, என்றாவது ஒரு நாள் யாராவது அந்த பிரேக்கைச் செய்ய வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படி நினைத்தது அதுவரை எனக்கே தெரியாது.

போன வாரம் என் ஜாக்கெட்டின் நுனி சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஜாக்கெட் மட்டும்தான். அப்பா பார்க்கவில்லை. கிழிந்த இடத்தை நானே தைத்துவிட்டேன்.

இங்கே பீன்ஸ் விலை குறைவு. தினமும் அதுதான்.

அன்புத் தங்கை,
ஐடா


வில்லோ ஃபோர்க்
டிசம்பர் 21, 2024

அன்புள்ள ஐடா,

சட்டம் போவது எனக்குப் போன வருஷமே தெரியும். நான் எழுதாததற்குக் காரணம், அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கிறவரை நல்லது என்று நினைத்தேன். கடையில் சோதனை மேடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிரேக் வேலை மட்டும் பார்க்கப் போகிறோம். முதலாளி என்னை வைத்துக்கொள்கிறார், அதனால் எங்கள் பிழைப்புக்கு ஒன்றுமில்லை.

சட்டம் போனால் பிரேக் வந்துவிடாது. அதை அவருக்குச் சொல்ல இனி என் கையில் ஒன்றும் இல்லை. தேறவில்லை என்று எழுதிக் கொடுக்கும் காகிதமும் இல்லை. இத்தனை நாளும் காகிதம் இருந்தபோது மட்டும் என்ன சாதித்தேன்? அவர் சுற்றிக்கொண்டு போய்விட்டார், உன்னையும் கூட்டிக்கொண்டு.

அந்த ஹேண்ட்பிரேக்குக்கு வேண்டிய பாகங்களை அவர் போன மறுநாளே வரவழைத்தேன். நான்கு வருஷமாக அலமாரியில் மேல்தட்டில் இருக்கின்றன. முதலாளி மாதம் ஒரு தடவை அது யாருடையது என்று கேட்பார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை அவர் கட்டை என்று சொல்லும்போது இறங்காதே. சண்டை போட வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். சீட்டிலேயே உட்கார்ந்திரு. அவர் கால் பிரேக்கில் இருக்கும், வண்டி எங்கேயும் போகாது. யாருக்கும் ஒன்றும் ஆகாது.

உன் ஜாக்கெட்டைப் பற்றி மார்லியிடம் சொல்லவில்லை.

ரூடி


குவார்ட்ஸைட்
ஜனவரி 6, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்லி அண்ணி அனுப்பிய கம்பளித் தொப்பி வந்தது. தினமும் போடுகிறேன் என்று சொல்.

நீ கேட்டது என்னால் முடியும் என்று தோன்றவில்லை. கடையில் எனக்குத் தவறான பொருளைக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். பாடங்களை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொன்னபோதும் சரி என்றுதான் சொன்னேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது, கணக்குப் பிடித்திருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. குளிரும் ராத்திரிகளில் அவருடைய போர்வையையும் என்மேல் போட்டுவிட்டுப் போகிறார். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார். அவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

வண்டியைக் கழுவி மெழுகு போட்டிருக்கிறார். பம்பரைக்கூடத் துடைத்தார். பதினேழாம் தேதி உங்கள் ஊரில் இருப்போம்.

ஐடா


வில்லோ ஃபோர்க்
ஜனவரி 10, 2025

ஐடா,

இது நீ கிளம்புவதற்கு முன் கைக்குக் கிடைக்க வேண்டும். உனக்கு அறை தயார். படுக்கைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, இறங்கவும் செய்யும்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் அன்று போனதைப் போலவே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் நான் வெளியே நிற்க மாட்டேன். உள்ளே போய்விடுவேன். உன்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே.

ரூடி


வில்லோ ஃபோர்க், திருவிழா மைதானம்
ஜனவரி 17, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லை. உன் கடையிலிருந்து நடந்து வரும் தூரத்தில்தான் இருக்கிறோம். நீ ஷட்டரை இறக்கியதைப் பார்த்தேன். உனக்கு வெளியிலிருந்து தெரிந்தது வேறு, உள்ளே நடந்தது வேறு. அதை எழுதிவிடுகிறேன்.

ஊருக்குள் நுழைந்தபோது அப்பா ஹாரன் அடிக்கவில்லை. கடைத் தெருவில் மெதுவாகத்தான் வந்தார். உன் கடை வாசல் சரிவு என்று எனக்குத் தெரியாது. நிறுத்திவிட்டு, "கட்டை" என்றார். கட்டைகள் என் மடியில் இருந்தன. காலையிலிருந்தே மடியில்தான் வைத்திருந்தேன். நான் இறங்கவில்லை.

"ஐடா, கட்டை."

"இறங்க மாட்டேன்பா."

சத்தம் வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ பேசியதுபோலப் பார்த்தார். "பின்ன யாரு இறங்குறது, நானா? நான் எந்திரிச்சா வண்டி உருண்டுடும்" என்றார். நான் கட்டைகளை மடியிலேயே பிடித்துக்கொண்டேன். நீ காரணம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய், எனக்குச் சொல்லவும் தெரியவில்லை. அவர் சொன்ன பதிலே காரணம் என்று அவருக்கே தெரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அவர் கால் பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடித்தது.

அப்போதுதான் நீ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாய். எங்களைப் பார்த்து நின்றாய். நீ நிற்கும்போது இடது காலில் பாரம் வைப்பதில்லை, உனக்கே தெரியுமோ என்னவோ. அப்பா கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் அப்படித்தான் நிக்கிறானா?"

"எப்பவும் அப்படித்தான்பா."

அவர் உன்னிடம் பேச ஜன்னல் கண்ணாடியை இறக்கப் பார்த்தார். அது இறங்காது என்று எழுதியிருந்தேனே. உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார். கதவைத் திறந்து தலையை நீட்டலாம் என்றால் கால் பிரேக்கை விட்டுவிடும். அதனால்தான் ஹாரனை அழுத்தினார். ஒரே ஒரு தடவை, சின்னதாக. நீ திரும்பி உள்ளே போனாய், ஷட்டர் இறங்கியது.

"போயிட்டான்" என்றார்.

"நீங்க ஹாரன் அடிச்சா போயிடுவேன்னு எழுதியிருந்தான்."

"நான் கூப்பிட்டேன்டீ" என்றார். பிறகு வண்டியை எடுத்தார். நேராக இந்த மைதானத்துக்கு வந்தார். கடிதங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

இங்கே நிறுத்தியபோது அவர் கட்டை என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய், அவர் காலுக்குப் பக்கத்தில் என் காலைப் பிரேக்கின் மேல் வைத்தேன். பெடலில் இரண்டு கால் கொள்ளும். அவர் மெதுவாகத் தன் காலை எடுத்துப் பார்த்தார். வண்டி நகரவில்லை. என் சீட்டில் கிடந்த கட்டைகளை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார்.

அண்ணா, அவர் கீழே உட்கார்ந்த பிறகு எனக்கு அவர் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "கால எடுத்துடாத ஐடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "எடுத்துடாதம்மா." அப்புறம் இன்னொரு தடவையும் சொன்னார், அது எனக்குச் சொன்னது போல இல்லை. பிறகு இரண்டு தட்டுக் கேட்டது. நான் எடுக்கவில்லை. அவர் எழுந்து சக்கரத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

இப்போதும் எடுக்கவில்லை. இதை ஸ்டியரிங் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்சக்கரம் தெரிகிறது. கட்டையின் சாய்ந்த பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும் அல்லவா? அவர் திருப்பி வைத்திருக்கிறார். இரண்டையும். இத்தனை வருஷம் ஓட்டியவருக்கு அது தெரியவில்லை. நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் குனிந்து சரி செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்து உட்கார்ந்துவிடுவார். நீயே வந்து சொல்.

எனக்குப் போனில் பேச வராது, எழுதித் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். வெளியே நின்று, "இன்னும் முடியலையா, என்ன மகாகாவியமா எழுதுற?" என்கிறார். அவர் படிக்கப் போடும் மூக்குக்கண்ணாடி இங்கே என் முன்னால் இருக்கிறது, அதனால் இதை அவர் வழியில் படிக்க முடியாது. இதுவரை அவர் உன் கடைக்கு வண்டியில்தான் வந்திருக்கிறார். இப்போது நடந்து வருகிறார். அவரை வாசலில் நிறுத்தி வைக்காதே.

மேல்தட்டில் இருக்கும் பாகங்களை எடுத்துக்கொண்டு அவரோடு வா. சீக்கிரம் வா அண்ணா, கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்புத் தங்கை,
ஐடா